கிளாவரையில் ஓ.எஸ். ஏற்றுதல்: சிக்கல் அறிதல், காரணம் காணல், பழி சுமத்தல்

புதிதாக அசெம்பிள் செய்த வீட்டுக் கணினியில் ஓ.எஸ். ஏறாதபோது குற்றம் சாட்டப்படுவோரின் வரிசை ஊருக்கு ஊர் மாறுவதில்லை. முதலில் பென்டிரைவ், அடுத்து மதர்போர்டு, பிறகு கடைக்காரர், கரண்ட், கடைசியாக பில் கேட்ஸ். பாகங்களைப் பொருத்தியவரின் கட்டைவிரல் மட்டும் இந்தப் பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. இக்கட்டுரையின் கணிசமான பகுதி அந்த விரலைப் பற்றியது.

பழுது காண்பதில் இரண்டு நெறிகள் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் வழங்குவது மாற்று நெறி. ராம் மேல் சந்தேகமா, பக்கத்துக் கடையில் ஒரு ராம் வாங்கிச் செருகிப் பார். எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகமா, எதிர்க்கடையில் ஒன்று கேள். டீ ஆறுவதற்குள் குற்றவாளி பிடிபட்டுவிடும். சிந்தனைக்கு அங்கே வேலை குறைவு. மற்றது கிளாவரை நெறி. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று 40 கிலோமீட்டருக்குக் குறையாமல் போனால் பேருந்து திரும்புகிற கடைசி ஊர் கிளாவரை. அதற்கப்பால் கேரளத்து வட்டவடைப் பக்கம் போகக் காட்டுவழி நடைதான்; அந்தத் திசையில் ராம் கிடைக்காது. ஒரு ராமை மாற்றிப் பார்ப்பதென்றால் மதுரைக்குப் போய்வர ஒரு நாள் வேண்டும். ஆகவே அங்கே யோசிப்பதே மலிவு. பழுது காணும் அறிவு, உதிரிபாகக் கடைக்கு உள்ள தூரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும் என்பது இவ்வாய்வின் முதற்கோள்.

அஃதேல், மதுரையிலேயே கட்டி, ஓ.எஸ்.ஸும் போட்டு, ஓடுவதைக் கண்ணால் பார்த்தபின் மலையேற்றினால் இந்த ஆராய்ச்சியே வேண்டாமே எனின், அப்போதும் வேண்டும். கடையில் ஓடியது வீட்டில் ஓடாமை என்பது தனி வகை. மலைப்பாதைப் பழுது என இதற்குப் பெயரிடலாம். வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் கேபினெட்டுக்குள் கனமாக உள்ள ஒவ்வொன்றும் தன் இடத்தை விட்டு நகரப் பார்க்கும். பெரிய கிராபிக்ஸ் கார்டு, ஒரு பிளாஸ்டிக் கொக்கியையும் ஓரிரு திருகுகளையும் நம்பிப் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு வருகிறது. கேபினெட்டை நிமிர்த்தி உட்காரவைத்து அழைத்துவருவது மரியாதையாகத் தோன்றினாலும் தவறு. மதர்போர்டு தரைக்குச் சமமாக இருக்கும்படி படுக்கவைத்தால் கார்டு நிமிர்ந்து நிற்கும். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது ஸ்லாட்டை நெம்பாது. வடுகபட்டிச் சந்தையில் பூண்டு இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி இதற்கு வாகானது. காலிச் சாக்குகளை நான்காக மடித்தால் மெத்தை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு கணினித் துறைக்கு ஆற்றிய தொண்டு இது எனலாம். வாசனைக்குப் பொறுப்பேற்க இயலாது.

வந்து இறங்கியதும் எழும் முறையீடு, “ஓ.எஸ். ஏற மாட்டேங்குது” என்பது. திரை இருட்டாகக் கிடக்கும்போதே இப்படிச் சொல்வாரும் உளர். இலை போடுமுன் பாயசம் சரியில்லை என்பதை ஒத்தது இது. கணினி முதலில் தன் உறுப்புகளைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. அது முடிந்த பிறகுதான் ஓ.எஸ்.ஸைத் தேடும். உறுப்பில் குறை கண்டால் பழைய மதர்போர்டுகள் பீப் ஒலி எழுப்பின. அந்தச் சிறு ஸ்பீக்கர் இப்போதைய கேபினெட்டுகள் பலவற்றில் வருவதில்லை. பதிலாகப் பல மதர்போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என நான்கு பொடி விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அதன்மேல்தான் வழக்கு.

சிபியு விளக்கு நின்றால், போர்டின் மேல்மூலையில் செருக வேண்டிய எட்டுமுனை மின்னிணைப்பை முதலில் பார்க்க வேண்டும்; 24 முனைப் பெரிய இணைப்பைச் செருகிய பெருமிதத்தில் சின்னது மறந்துபோவது மனித இயல்பு. விளக்கு ஒன்றும் குறை சொல்லவில்லை, விசிறி சுற்றுகிறது, படம் மட்டும் இல்லை என்றால் மானிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டில் அல்லாமல் மதர்போர்டின் துளையில் இருக்கும். பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்தைத் தாங்கிய இன்டெல் பிராசசர்களுக்கு உள்கிராபிக்ஸ் கிடையாது. அவற்றோடு சேர்ந்த போர்டில் அந்தத் துளை வெறும் அலங்காரம்.

டிராம் விளக்கே ஆய்வாளருக்கு விருந்து. இரண்டு ராம், நான்கு ஸ்லாட் எனில் அடுத்தடுத்துச் செருகுவதே அழகு என்று கண் சொல்லும். பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகு என்று பெரும்பாலான போர்டுகளின் கையேடு சொல்லும். கண்ணே பெரும்பாலும் வெல்கிறது. அடுத்தது விரல். பல்லாயிரம் ரூபாய்ப் பொருளை அழுத்த விரல் கூசும். ராம் பாதி இறங்கியதும் அது உட்கார்ந்துவிட்டதாக மனம் ஒப்புக்கொள்ளும். கொக்கி ‘டக்’கென்று விழும்வரை, போர்டு லேசாக வளைவது கண்டு நெஞ்சு பதறும்வரை, ராம் உட்காரவில்லை என்பதே துணிபு. இதைக் கடந்தவர்க்கும் ஒரு சோதனை உண்டு. டிடிஆர்5 ராம் பூட்டிய கணினி முதன்முறை ஆன் ஆனதும், எந்த வேகத்தில் ஓடலாம் என்று ராமோடு ஒத்திகை பார்க்கிறது. சில நிமிடங்களுக்குத் திரையில் ஒன்றும் வராது. இரண்டாவது நிமிடத்தில் வீட்டில் எவரேனும் “ஆஃப் பண்ணிட்டுப் போடுப்பா” என்பார். ஆஃப் செய்தால் ஒத்திகை முதலிலிருந்து தொடங்கும். பொழுது சாயும்வரை இப்படியே போய், ராம் பழுது என்று தீர்ப்பாகி, மறுநாள் முதல் பேருந்தில் நல்ல ராம் ஒன்று மதுரைக்குப் பயணப்படுவது உண்டு. அந்த நேரத்தில் ஆகச்சிறந்த பழுதுநீக்கும் கருவி, சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் ஒரு காபி போடுவது.

இவ்விடத்தில் உயரக் கோட்பாட்டையும் மறுத்துவிடுவது நலம். “மேல உயரம் ஜாஸ்தி, கம்ப்யூட்டருக்கு ஒத்துக்காது” என்பர் ஒரு சாரார். 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்து அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே என்பது மெய். விசிறி தள்ளும் காற்றும் அவ்வளவுக்கு மெலிந்ததே. ஆனால் அந்தக் காற்று மதுரைக் காற்றைவிட வெகுவாகக் குளிர்ந்தது என்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. சுழல்தட்டு ஹார்டு டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் குறிக்கும் எல்லை 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி. பழனி மலைத்தொடரின் எந்தச் சிகரமும் அதை எட்டாது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் கிளாவரையைவிட உயரத்தில், சுமார் 2,343 மீட்டரில் இருந்துகொண்டு, நூறாண்டுக்கு மேலான சூரியப் படங்களைக் கணினிக் கோப்புகளாக்கி வைத்திருக்கிறது. உயரத்தைப் பழித்தோர் ஈரத்தைக் கவனித்திருக்கலாம். இரவுப் பனியில் வந்த பெட்டியை அடுப்பெரியும் வீட்டுக்குள் கொண்டுவந்து உடனே பிரித்தால், குளிர்ந்த உலோகத்தின்மேல் நீர்த்துளி பூக்கும். காலைவரை பெட்டியை மூடியே வைத்திருப்பது சாத்திரம்.

இனி பென்டிரைவ். இதன்மேல் விழும் பழியில் பாதி நியாயமானது. பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்து வைப்பது தொடக்கநிலைப் பிழை. கணினிக்கு அது ஒரு கோப்பு, அவ்வளவே. அதைப் பிரித்து உள்ளே இருப்பவற்றை நகலெடுப்பது இடைநிலைப் பிழை. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. விண்டோஸின் முதன்மைக் கோப்பு பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். மைக்ரோசாஃப்ட் தரும் கருவியோ ரூஃபஸ் போன்ற செயலியோ கொண்டு பென்டிரைவைத் தயாரிப்பதே முறை. இதற்கு ஓடுகிற இன்னொரு கணினி வேண்டும். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் இங்கேதான் இவ்வாய்வுக்குள் வருகிறது. பிளஸ் டூ முடித்த அக்காவோ அண்ணனோ வாங்கிவந்த அந்த மடிக்கணினி, பேட்டரி செத்து, இரண்டு பட்டன் தெறித்து, பரண்மேல் கிடந்தாலும், சார்ஜரில் மாட்டினால் ஒரு பென்டிரைவ் தயாரிக்கும் அளவுக்கு உயிரோடிருக்கும். விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் வந்தது. லினக்ஸ் பென்டிரைவுக்கு ஒரு தனிச்சிறப்பு: டிஸ்கில் ஏற்றாமலே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். அது ஒழுங்காக ஓடிவிட்டால் ராமும் பிராசசரும் பெரும்பாலும் நிரபராதிகள். ராம் மாற்ற மதுரை போகும் செலவை இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தும்.

பென்டிரைவ் பூட் ஆகி, மொழி கேட்டு, சாவி எண் கேட்டு, எங்கே ஏற்றுவது என்ற பக்கம் வந்ததும் அங்கே ஒரு டிஸ்கும் தெரியாது. எஸ்எஸ்டி செத்துப் பிறந்தது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. 11-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் போர்டுகள் பலவற்றில் விஎம்டி என்றொரு அமைப்பு உண்டு; அது இயங்கினால் இன்டெலின் டிரைவரைத் தனியே ஊட்டாதவரை நிறுவிக்கு எஸ்எஸ்டி கண்ணில் படாது. பயாஸில் அதை அணைத்தாலும் போதும். டிஸ்க் தெரிந்தும், எம்பிஆர் பகிர்வு என்று காரணம் காட்டி விண்டோஸ் ஏற மறுப்பதும் உண்டு. யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆன கணினிக்கு ஜிபிடி என்ற வேறு வகைப் பகிர்வு வேண்டும். ஷிஃப்டும் எஃப்10-உம் அழுத்தி, கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட் கட்டளையால் டிஸ்கைத் துடைத்து மாற்றுவர். இந்தக் கட்டளை “நிச்சயமா?” என்று ஒரு வார்த்தை கேட்காது. பழைய ஹார்டு டிஸ்கும் அதே கணினியில் பூட்டியிருக்க, கட்டளையில் டிஸ்க் எண் ஒன்று மாறினால், எஸ்எஸ்டி அப்படியே இருக்கும். அக்கா கல்யாண ஆல்பம் போயிருக்கும். துடைக்குமுன் பழைய டிஸ்கின் வயரைப் பிடுங்கி வைப்பது குடும்ப ஒற்றுமைக்கு உகந்தது.

கோப்புகள் ஏறி, கணினி தானாக மறுதொடக்கம் ஆகி, மறுபடி மொழி கேட்கும் முதல் பக்கத்துக்கே வந்து நிற்பது இன்னொரு வகை. ஓ.எஸ். தோற்கவில்லை, பூட் வரிசையில் பென்டிரைவ் முன்னால் நிற்கிறது. சொருகியதைப் பிடுங்கினால் சரியாகும். இதை உணராமல் இரவு முழுக்க ஏற்றுவோர், பிறவிச் சுழற்சி குறித்து அனுபவ அறிவு பெறுகின்றனர்.

2021 அக்டோபர் 5-இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு இல்லாத கணினியைத் தகுதியற்றது என்கிறது. புதுப் போர்டில் அது இருக்கும். பயாஸில் இன்டெலுக்கு பிடிடி, ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்ற பெயரில் சிலவற்றில் அணைந்து கிடக்கும். விண்டோஸ் 10 போதும் என்ற பழைய வாதம், அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததோடு வலுவிழந்தது.

பிறகு இணையம். விண்டோஸ் 11 இணையம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. புதுப் போர்டின் வைஃபைக்கான டிரைவரோ அந்தப் பென்டிரைவில் இருக்காது. டிரைவரை இறக்க இணையம் வேண்டும். கைபேசியை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போட்டால் ஆண்ட்ராய்டு பெரும்பாலும் டிரைவர் கேட்காமலே வேலை செய்யும். சிக்னல் ஜன்னலோரத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும் வீட்டில் கேபினெட்டையே ஜன்னலோரம் நகர்த்த வேண்டியதுதான். போர்டின் டிரைவர்களைக் கொடைக்கானலிலேயே இறக்கிப் பென்டிரைவின் ஓரத்தில் போட்டுவருவோர் முன்யோசனை உள்ளவர் எனப்படுவர், அப்படிப்பட்டவர் அரியர்.

கடைசியாக நேரம். கடையில் நெடுநாள் கிடந்த போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டு பின்னால் நிற்கும். இணையதளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவையாகி, எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் திறக்காது. நேர மண்டலம் கேட்கும்போது லினக்ஸ் கொல்கத்தாவைக் காட்டும், விண்டோஸ் சென்னையையும் சேர்த்துக்கொள்ளும். கிளாவரையின் சூரியன் இந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டதல்ல. 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கும் இந்திய நேரத்துக்கு அது சுமார் 20 நிமிடம் பின்தங்கியது. ஒருகாலத்தில் நாட்டு ரயில்களுக்கெல்லாம் நேரம் சொன்ன சென்னை வானாய்வகத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்கே ஏறிவந்தும், 1906-இல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், மலைக்கு இதில் பயன் விளையவில்லை. கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்து மேலே செல்லலாம்.

விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 2019 முதல் விண்டோஸிலேயே உண்டு. தனியே தேட வேண்டியதில்லை. டெஸ்க்டாப் வந்ததும் பென்டிரைவைக் கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும் என நூல்கள் விதிக்கின்றன. நடைமுறையில் மறுநாளே பக்கத்து வீட்டுத் தம்பி அதை இரவல் வாங்கி, ஃபார்மட் அடித்து, ஜீப்பில் போட இளையராஜா பாட்டு ஏற்றிவிடுகிறான்.