உன் தம்பி கரையேறிய கதை

அன்புள்ள அக்காவுக்கு,

குடும்ப வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, “என்னலே இது, ரப்பர் சட்டையைப் போட்டுக்கிட்டு ஏரிக்கரையில நிக்கே, வேலை கீலை போயிட்டா?” என்று கேட்டிருந்தாய். வேலை இருக்கிறது. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து வயிற்றை வளர்த்துவிட்டதும் அந்த வேலைதான். உன் தம்பி ஐம்பதைத் தொடப்போகிற வயதில் ட்ரையத்லான் முடித்திருக்கிறான். 750 மீட்டர் நீச்சல், கரையேறியதும் 20 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் 5 கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க வழியில்லை. இதற்குக் காசு வேறு கட்டினான் என்பதை அத்தானிடம் சொல்லாதே.

இது குட்டி வகை. பெரியது அயர்ன்மேன்: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், அதற்கும் மேல் ஒரு முழு மாரத்தான். நீந்துகிறவன் பலசாலியா, ஓடுகிறவனா, சைக்கிள் மிதிக்கிறவனா என்று ஹவாயில் சிலர் வாக்குவாதம் செய்யப்போய், 1978 பிப்ரவரியில் அதை நடத்தியே பார்த்துவிட்டார்கள். 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். நம் ஊர் டீக்கடையாக இருந்தால் பேசியே முடித்திருப்போம்.

வம்பு ஆரம்பித்தது ஆஸ்பத்திரியில். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கமே கூப்பிட்டு இலவசமாகச் சோதிக்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் நர்ஸ். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் வெள்ளைக்காரர் 25 வரை கவலைப்பட வேண்டாம். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு 23 தாண்டினாலே எச்சரிக்கை. நிறம் பார்த்துச் செய்கிற ஓரவஞ்சனை இல்லை. நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறதாம். அப்பாவுக்கு வந்த வயதை நினைத்துப் பார்த்தபோது வாதாடத் தோன்றவில்லை, போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டான்.

போட்டி நடந்த இடம் டோர்னி ஏரி, ஸ்லவ்வில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். ஈட்டன் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமானது. பிள்ளைகள் படகு ஓட்டிப் பழக ஏரி வெட்டி வைத்திருக்கிற பள்ளிக்கூடம்! 2012 ஒலிம்பிக் படகுப் போட்டிகள் அதில்தான் நடந்தன. உன் தம்பி இறங்கிய அன்று தண்ணீர் 16 டிகிரி. அதற்காகத்தான் அந்தக் கறுப்புச் சட்டை. அதற்கும் சட்டம் உண்டு: தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் போனால் போடவே கூடாது. போடுவது, இலவம்பஞ்சு மெத்தையைத் தலையணை உறைக்குள் திணிக்கிற வேலை. உன் தம்பி பெண்டாட்டி முதுகில் முழங்காலை ஊன்றி ஜிப்பை இழுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து தேக்கி வைத்த பலம் அதில் தெரிந்தது.

ஆனாலும் சட்டையை மன்னித்துவிடலாம். ஹெல்மெட்டை முடியாது.

நம் ஊரில் ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வரும், போலீஸைப் பார்த்தால் தலைக்கு ஏறும். இங்கே சைக்கிள் இன்னும் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் யாரும் ஏறவில்லை, ஆனால் ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே ‘டிக்’ என்று பூட்டிய பிறகுதான் சைக்கிளை எடுக்கலாம். குளிரில் விறைத்த விரல்களால் அந்தப் பூட்டைப் போட்டுப் பார். பூட்டியாயிற்று, ஏறலாமா? கூடாது. தரையில் ஒரு கோடு இருக்கும். அதுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெறுங்காலோடு ஓட வேண்டும். திரும்பி வரும்போது இன்னொரு கோட்டுக்கு முன்னால் இறங்க வேண்டும். சைக்கிளைக் கம்பியில் மாட்டும்வரை தாடைப் பூட்டில் கை வைக்கக்கூடாது. பக்கத்தில் ஒரு பெரியவர், உடுப்பெல்லாம் ஈரம், இதைச் சரியாக நினைவில் வைத்திருந்து சைக்கிளை மாட்டினார். பிறகு ஹெல்மெட்டோடேயே ஓடப்போய்விட்டார். நடுவர் கூப்பிட்டுக் கொண்டுவந்தார். ஹெல்மெட் போட்டு ஓடுவதற்கும் ஏதாவது விதி இருக்கிறதா என்று அவர் பயந்துபோய்க் கேட்டது பாவமாக இருந்தது.

கோட்டைத் தாண்டும் முன் ஏறிவிட்டால் என்ன என்று கேட்பாய். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜொனாதன் பிரவுன்லி அப்படித்தான் அவசரப்பட்டு ஏறினார். ஓட்டத்துக்கு நடுவே 15 விநாடி நிற்க வைத்தார்கள், சொந்த நாட்டில், சொந்த ஜனங்கள் பார்க்க. தங்கம் அவருடைய அண்ணன் அலிஸ்டேருக்குப் போனது, தம்பிக்கு வெண்கலம். எந்த நாடானாலும் முட்டிபோடுகிறவன் தம்பிதான் அக்கா.

நீச்சல்தான் பெரிய பாடு. நம் தாமிரபரணியில், குறுக்குத்துறைக் கோயில் பக்கத்திலிருந்து குதித்துக் கற்ற நீச்சல் தலை வெளியே இருக்கிற நீச்சல். இங்கே முகம் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், சுற்றிலும் அடுத்தவர் உதைக்க வேண்டும். மூச்சு முட்டினால் காவல் படகைப் பிடித்துக்கொள்ளலாம், அதைப் பிடித்தபடி முன்னே நகரத்தான் கூடாது. உன் தம்பி படகைப் பிடிக்கவில்லை. மல்லாந்து மிதந்தான். மேலே ஹீத்ரோவில் இறங்கப்போகிற விமானம் ஒன்று சக்கரத்தை விரித்துக்கொண்டு வந்தது. ஊரிலிருந்து யாரையாவது கூட்டி வருகிறதோ என்று ஒரு நினைப்பு. தாமிரபரணியில் தண்ணீர் எத்தனை டிகிரி என்று நாம் அளந்து பார்த்ததில்லை. அப்பா படித்துறையில் துண்டோடு நின்று “போதும், ஏறு” என்பார். அது ஒன்றுதான் சட்டம். அவருடைய கடைசி நாட்களில் விடுமுறை கேட்டு, டிக்கெட் தேடி, வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதை இவன் இன்னும் ஜீரணிக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ ஒரு அம்மாள் “ஆர் யூ ஆல்ரைட்?” என்றதும் புரண்டு நீந்தினான்.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஏரியைச் சுற்றிச் சுற்றி, எதிர்க்காற்று. ஓட்டத்தில் முதல் கிலோமீட்டர் வரை கால் இரண்டும் உணர்ச்சியே இல்லாமல் கிடந்தன. எழுபது வயது மதிக்கத்தக்க பாட்டி ஒருத்தி தாண்டிப் போகும்போது “சபாஷ், விடாதே” என்கிற பாவனையில் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

பட்டியலில் உன் தம்பியின் பெயரைக் கீழேயிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அவனுக்கும் கீழே பெயர்கள் இருக்கின்றன, அதைச் சொந்தக்காரர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். மெடல் கனமானது. மூன்று மாதம் கழித்து எடுக்கப்போகிற ரத்தச் சோதனையில் சர்க்கரை கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் அதையும் எழுதுகிறான்.

பொங்கலுக்கு வருகிறோம். அத்தானின் பழைய அட்லஸ் சைக்கிளுக்கு டியூப் மாற்றி வைக்கச் சொல். அம்மாவிடம் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் தம்பி