ஏதோ சிவப்பா வருது ப்ரோ

"ஏதோ எரர் வருது ப்ரோ."

அவ்வளவுதான். என்ன எரர், எதைச் செய்தபோது வந்தது, நேற்று வரைக்கும் ஓடியதா என்ற விவரமெல்லாம் கிடைக்காது. பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த ஐடி கட்டடத்தின் எந்த மாடியில் போய் நின்றாலும் இந்தக் குரல் காதில் விழும். ஆணோ பெண்ணோ, மூத்தவரோ இளையவரோ, இவருக்கு எல்லாரும் ப்ரோ. "என்ன எரர்?" என்று கேட்டால், டாக்டரிடம் வயிற்றைத் தடவிக் காட்டும் நோயாளி மாதிரி திரைக்கு முன்னால் கையை ஒரு சுற்று சுற்றுவார். "இங்கதான், சிவப்பா வந்துச்சு."

"சரி, அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"க்ளோஸ் பண்ணிட்டேனே!"

படிக்கத் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சம்பளச் சீட்டில் பன்னிரண்டு ரூபாய் கூடுதலாகப் பிடித்திருந்தால் அன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவார். சாப்பாட்டு டெலிவரி கூப்பனுக்கு அடியில் கடுகளவு எழுத்தில் போட்டிருக்கும் நிபந்தனைகள் ஏழும் மனப்பாடம். கணினி சிவப்பில் நாலு வரி எழுதினால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார், கை தானாக அந்தப் பெருக்கல் குறிக்குப் போய்விடும்.

இத்தனைக்கும் அந்த வரிகளை எழுதி வைத்தவர்கள் இவரைப் போன்றவர்களை நினைத்துத்தான் மெனக்கெட்டிருக்கிறார்கள். 2021 அக்டோபரில் வந்த பைத்தான் நிரல்மொழியின் 3.10 பதிப்பு, ஒரு பெயரை எழுத்துப் பிழையோடு அடித்தால், "இதைத்தானே சொல்ல வந்தீர்கள்?" என்று சரியான பெயரையே எடுத்து நீட்டும். ஆண்ட்ராய்டில் புதுத் திரை ஒன்றை எழுதிவிட்டு, அதை மேனிஃபெஸ்ட் கோப்பில் பதியாமல் திறக்கப் போனால் செயலி விழும், விழும்போதே, "இந்தத் திரையை மேனிஃபெஸ்டில் அறிவித்தீர்களா?" என்று கேள்விக்குறியோடு கேட்டுவிட்டுத்தான் விழும். பந்தியில் உட்கார்ந்தவரிடம் "ரசம் வந்துச்சா?" என்று விசாரிக்கும் பெரியப்பாவின் அக்கறை அதில் இருக்கிறது. இன்னொரு எரருக்கு 'நெட்வொர்க் ஆன் மெயின் த்ரெட் எக்செப்ஷன்' என்று பெயர். செய்த தப்பு முழுவதும் பெயரிலேயே இருக்கிறது: திரையைக் கவனிக்க வேண்டிய இழையை இணையத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வைத்துவிட்டீர்கள். 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 காலத்திலிருந்து அது இதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. இவர் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.

"மூடாம அப்படியே அனுப்புங்க" என்று கெஞ்சிய பிறகு அனுப்பத் தொடங்கினார். போட்டோவாக.

எரர் என்பது எழுத்து. தேய்த்து எடுத்து ஒட்டினால் வந்துவிடும். இவரோ கைபேசியை எடுத்து, திரைக்கு நேரே சாய்த்துப் பிடித்து, ஒரு படம் எடுத்து வாட்ஸாப்பில் போடுவார். அந்தப் படத்தில் ட்யூப் லைட் தெரியும். பாதி குடித்த டீக் கப் தெரியும். மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிள்ளையார் தெளிவாகத் தெரிவார். நடுவில் மழையில் நனைந்த கோலம் மாதிரி வரிவரியாக ஏதோ ஓடும். கடைசி வரி மட்டும் இருக்காது.

பைத்தானில் விஷயமே கடைசி வரியில்தான். கடைசியாக நடந்தது கடைசியில் இருக்கிறது என்று அதன் முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறது. இவர் மேலிருந்து இருபது வரியைப் படம் பிடித்து, கீழே விட்டுவிடுவார். ஜாவாவில் கதை வேறு. அங்கே எரரின் பெயர் தலையிலேயே நிற்கும், மூல காரணம் 'காஸ்டு பை' என்று கீழே தொங்கும். ஆண்ட்ராய்டின் பதிவேடான லாக்கேட்டைப் படமெடுக்கும்போது இவர் தலையையும் விடுவார், காலையும் விடுவார். இடுப்பு மட்டும் கச்சிதமாக வந்திருக்கும்.

ஒருநாள் மதியம் வந்த படத்தில் முழுக்க முழுக்க பாண்டாஸ் நூலகத்தின் உள் கோப்புகளின் பெயர்கள். கூடவே ஒரு தீர்ப்பு: "பாண்டாஸ்லயே பக் இருக்கு ப்ரோ." 2008-ல் வெஸ் மெக்கின்னி எழுதத் தொடங்கி, உலகம் முழுக்கத் தரவு பார்க்கிறவர்கள் தினமும் புரட்டுகிற நூலகம். பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போய்க் கடைசி வரியைப் பார்த்தார். 'கீ எரர்', அதற்குப் பக்கத்தில் ஒரு பத்தியின் பெயர். அந்தப் பெயரில் பத்தி இல்லை என்று அர்த்தம். எக்செல்லில் தலைப்பை அடித்த புண்ணியவான் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் தட்டி வைத்திருந்தார். அந்த ஒரு வெற்றிடத்தை வெட்டியதும் எல்லாம் ஓடியது. இவர் முகத்தில் கொஞ்சமும் வெட்கம் இல்லை. "பார்த்தீங்களா, அவங்க இதைக்கூட ஹேண்டில் பண்ணலை."

குரல் செய்தியும் உண்டு. "ப்ரோ, ஏதோ நல்... நல் பாயின்ட்... அப்புறம் பெரிசா ஏதோ இருக்கு ப்ரோ" என்று பதினாறு விநாடி ஓடும். பின்னணியில் குக்கர் விசில்.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். இவர் எரரைத் 'தீர்க்கும்' முறையைத்தான் மன்னிக்க முடியவில்லை. நிரல் முழுவதையும் ஒரு 'ட்ரை'க்குள் போட்டு, 'எக்செப்ட்' என்று எழுதி, அதற்கடியில் 'பாஸ்' என்று முடித்துவிடுவார். எந்தத் தப்பு நடந்தாலும் ஒன்றும் சொல்லாமல் மேலே போ என்று பொருள். "எரர் வராம பண்ணிட்டேன் ப்ரோ!" மொபைல் செயலியிலும் இதே வைத்தியம்தான். வாடிக்கையாளர் பணம் கட்டும் பட்டனை அழுத்துகிறார், ஒன்றும் நடப்பதில்லை. மறுபடி அழுத்துகிறார். எரர் இல்லை, பதிவு இல்லை, தடயமே இல்லை. அதைத் தேட ஒரு குழு சனி, ஞாயிறு இரண்டையும் தொலைத்தது. அந்த இரண்டு நாளுக்கு இதுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, இது அப்பட்டமான புகார்தான்.

சத்தம் போடாத தப்பு என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தைக் கேட்கலாம். 2020 செப்டம்பர் கடைசியில் அங்கே பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான் கொள்ளும். நிரம்பியபின் வந்தவை சத்தமில்லாமல் கீழே கொட்டின. ஒரு வாரத்தில் 15,841 தொற்றாளர்களின் விவரம் கணக்கில் வராமல் போனது. அன்று யார் திரையிலாவது சிவப்பாக ஒரு பெட்டி வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. எரரே வராத இடத்தில் இவரைப் போல் ஒருவர் கிடைக்கமாட்டார். 2022 செப்டம்பரில் ஒரு கடைக்காரரின் ஆகஸ்ட் மாத விற்பனைக் கணக்கைக் குழு வரைபடமாக்கி வைத்திருந்தது. நிரல் சுத்தமாக ஓடியது, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். டீக் கப்போடு பின்னால் வந்து நின்றவர் இவர்தான். "டிசம்பர் எட்டாம் தேதி வியாபாரம் ஆகியிருக்குன்னு போட்டிருக்கே. இன்னும் ஆயுத பூஜையே வரலையே ப்ரோ?"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கடைக்காரர் நம் வழக்கப்படி நாளை முன்னால், மாதத்தைப் பின்னால் எழுதியிருந்தார். பாண்டாஸ் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் படித்தது. ஆகஸ்ட் 1 ஜனவரி 8 ஆனது, ஆகஸ்ட் 2 பிப்ரவரி 8 ஆனது, இப்படியே 12-ம் தேதி வரை. எட்டாம் தேதி மட்டும் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான் என்பதால் தப்பியது. பதின்மூன்றாவது மாதம் கிடையாதே, அதனால் 13 முதல் மாத முடிவு வரை எல்லாவற்றையும் அன்றைய பாண்டாஸ் எரர் கொடுக்காமல் சரியாகப் படித்துக்கொண்டது. அப்பாவின் மளிகைக் கடையில் பேரேடு எழுதி வளர்ந்த கண் இவருக்கு. சிவப்பெழுத்தைத்தான் பார்க்காதே தவிர எண்ணைப் பார்க்கும். அன்று முழுக் குழுவும் இவருக்கு டீ வாங்கிக் கொடுத்தது. 2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0 இப்படி மாறி மாறிப் படிப்பதில்லை, அந்த இடத்தில் நின்று எரர் கொடுக்கிறது. அதை இவர் க்ளோஸ் பண்ணிவிடுகிறார்.

தப்பைக் கண்டுபிடிப்பது என்றதும் ஒரு வாத்து ஞாபகம் வருகிறது. 1999-ல் வந்த 'தி ப்ராக்மாட்டிக் புரோகிராமர்' புத்தகம், மேஜையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதனிடம் நிரலை வரிவரியாக விளக்கினால் தப்பு தானே தெரியும் என்ற யோசனையைப் பிரபலமாக்கியது. இவர் வாத்து வாங்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் பத்து நிமிடம் விளக்குவார். பாதியில், "ஆங், கிடைச்சிருச்சு ப்ரோ" என்று எழுந்து போய்விடுவார். என்ன கிடைத்தது என்று சொல்லமாட்டார். அடுத்த மாதம் அதே எரர் வேறொருவருக்கு வரும்போது, "எனக்கும் வந்துச்சு, அப்புறம் சரியாயிருச்சு" என்பார்.

ஏழு மாதம் ஆயிற்று. படம் வேண்டாம், குரல் வேண்டாம், கடைசி வரியை மட்டும் காப்பி பண்ணி அனுப்புங்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, இவர் மானிட்டரில் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். போன வியாழன் இரவு பதினொன்றரைக்கு வாட்ஸாப் ஒலித்தது. படம் இல்லை, எழுத்து! வாழ்க்கையில் முதல் முறையாகக் கடைசி வரியைத் தேடிக் காப்பி பண்ணி அனுப்பியிருந்தார். அன்று அவர் கட்டிக்கொண்டிருந்தது ஆண்ட்ராய்டு செயலி, பேசியது அதைக் கட்டித்தரும் கருவியான கிரேடில். எது உடைந்தது என்பதையெல்லாம் மேலே சொல்லி முடித்துவிட்டு, எவ்வளவு நேரம் வீணானது என்பதை மட்டும் கடைசியில் சொல்வது அதன் வழக்கம்.

"பில்ட் ஃபெயில்டு இன் 47 செகண்ட்ஸ். என்ன பண்ணலாம் ப்ரோ?"