வெல பாதி, தீனி முழுசு

வாங்கு மாப்ள, தாராளமா வாங்கு. உன்ற அம்மா, என்ற அக்கா, நேத்துப் பொழுதோட சாளைக்கு வந்து மூக்கைச் சிந்திப்போட்டுப் போனா. "தம்பி, பையன் 63 லட்சத்துக் காரை 43 லட்சத்துக்குப் பேசி வச்சிருக்கறானாமா, நீயாச்சும் நாலு நாயம் சொல்லப்படாதா"ன்னா. "அக்கா, ஒரே மூச்சுல 20 லட்சம் மிச்சம் பண்ற பையனைப் பெத்துப்போட்டு யாராச்சும் அழுவாங்களா? இன்னொண்ணும் சேத்து வாங்கச் சொல்லு, 40 லட்சம் மிச்சமாகும்"னேன். அப்பத்தான் அழுகையை நிறுத்திப்போட்டு என்னையத் திட்ட ஆரம்பிச்சா.

வண்டியை நான் குத்தம் சொல்ல மாட்டேன். லாரிப் பொழப்புல முடி நரைச்சவன் நான், நல்ல என்ஜினைப் பழிச்சா நாக்கு அழுகிப் போகும். பிஎம்டபிள்யூ எம்340ஐ. 3 லிட்டர் டர்போ, ஒரே வரிசையில 6 சிலிண்டர், 387 குதிரை சக்தி. நின்ன எடத்துலருந்து நூறைத் தொட 4.4 நொடிங்கறான் கம்பெனிக்காரன். 2021 மார்ச்சுல எறங்கினப்போ ஷோரூம் வெலையே 62.90 லட்சம். ஆனா ஒண்ணு, சீமையிலருந்து கப்பல்ல வந்த வண்டின்னு ஊருக்குள்ள அளந்து உடாதே. செங்கல்பட்டுக்குப் பக்கத்துல மகேந்திரா வேர்ல்டு சிட்டி ஃபேக்டரியில பூட்டினது. பூட்டினவன் நம்மூர்க்காரன்னு ஸ்பேரும் நம்மூரு வெலைக்குக் கெடைக்கும்னு கணக்குப் போட்டயோ, அங்கதான் வழுக்கி உழுவே.

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் நோம்பிக்கு உன்னையத் தோள்ல வச்சுக் கூட்டிட்டுப் போனது நெனப்பிருக்குதா? குதிரைச் சந்தையில வெவரமானவன் குதிரை வெலையைக் கேக்கறதுக்கு முந்திக் கொள்ளு வெலையைக் கேப்பான். பாதி வெலைக்கு வாங்கின குதிரை பாதித் தீனி தின்னாது. உன்ற காரும் அப்படித்தான். நாலு வருசத்துல வெல 43க்கு எறங்கியிருக்கலாம். அதோட டயரு, பிரேக்கு, லைட்டு, ஆயிலு ஒண்ணும் எறங்கலை. அது சாகற வரைக்கும் 63 லட்சத்து வண்டியாத்தான் சாப்புடும்.

டயரையே எடுத்துக்க. முன்னாடி அகலம் 225, பின்னாடி 255. முன்னதைப் பின்னாடி மாத்திப்போட்டு ஆயுசைக் கூட்டற லாரிக்காரன் வித்தை இங்க செல்லாது. அதுல இருக்கறது ரன்-பிளாட் டயரு. காத்துப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாம 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். அருமையான ஏற்பாடு. அந்த 80 கிலோமீட்டருக்குள்ள பஞ்சர் கடை இருவது இருக்கும், அந்த டயரு ஒரு கடையிலயும் இருக்காது. சரி, ஒண்ணே ஒண்ணுதானே கிழிஞ்சுது, ஒண்ணை மட்டும் மாத்திக்கலாம்னு பாப்பே. இது நாலு சக்கரத்துக்கும் இழுவை போற வண்டி. ஒரு டயரு புதுசு, மூணு டயரு தேஞ்சதுன்னா சுத்தற கணக்கு ஒத்து வராம நடுவுல இருக்கற ட்ரான்ஸ்பர் கேஸ் சூடாகித் தேயும். அதோட வெலையை இப்பச் சொல்ல மாட்டேன், நீ இன்னும் சோறு திங்கலை.

பேட்டரிகூட அப்படித்தான். டவுன்ஹால்ல ஒண்ணு வாங்கி, ரெண்டு நட்டைத் திருகி மாட்டினா ஆச்சுன்னு நெனைக்காதே. புதுப் பேட்டரி வந்திருக்குதுன்னு வண்டிக் கம்ப்யூட்டர்ல பதிஞ்சாகோணும். பதியலீன்னா கெழட்டுப் பேட்டரின்னே நெனச்சுச் சார்ஜ் ஏத்தி, புதுசையும் சீக்கிரமாக் கெழடாக்கிப்போடும்.

கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஒரு வேடிக்கை இருக்குது, கேளு. 8 கியர் ஆட்டோமேட்டிக். "ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேண்டாம்"பான் கார் கம்பெனிக்காரன். அந்தக் கியர்பாக்ஸைச் செஞ்சு குடுக்கற செட்எஃப் கம்பெனிக்காரனோ 80,000லருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்துங்கறான். அப்ப ஆயுசுன்னது யாரு ஆயுசு? மொதல்ல வாங்கினவன் வச்சிருந்த ஆயுசு. அதுக்கப்பறம் வாங்கற மவராசன் நீதானே.

இனி விக்கறவன் நாயத்துக்கு வருவோம். "ஒரே கை வண்டிங்க, டாக்டர் வச்சிருந்தது, ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு மட்டும் எடுப்பாரு"ம்பான் புரோக்கரு. நம்பு மாப்ள. 387 குதிரையை மருதமலை அடிவாரம் வரைக்கும் 30ல ஓட்டிச் சாமி கும்பிடத்தான் அந்த டாக்டர் 63 லட்சம் குடுத்திருப்பாரு. ஊர்ல இருக்கற பழைய பிஎம்டபிள்யூ அத்தனையும் டாக்டருக வச்சிருந்ததுன்னா, வைத்தியம் பாக்க அவிங்களுக்கு நேரம் எங்கிருந்து வந்துது?

நீ பண்ண வேண்டிய வேலையை மட்டும் சொல்றேன். காலையில 9 மணிக்கு வரேன்னு சொல்லிப்போட்டு 7 மணிக்கே போய் நில்லு. போனதும் வணக்கம் சொல்றதுக்கு முந்தி பானெட் மேல கையை வை. சுட்டுதுன்னா, உனக்கு முந்தியே ஆரோ ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கறான்னு அர்த்தம். காலைக் குளிர்ல மொத ஸ்டார்ட்டுல வர்ற சத்தத்தையும் பொகையையும் உன்ற காதுக்கும் கண்ணுக்கும் காட்டக் கூடாதுன்னு ஏற்பாடு. காப்பி குடிச்சுப்போட்டு இன்னொரு நாள் வரேன்னு கெளம்பீரு.

டயரோட பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2321ன்னு இருந்தா 2021ல 23ஆவது வாரம் செஞ்ச டயரு. வண்டி 20,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்குதுங்கறான், நாலு டயரும் போன வருசத்துதுன்னா, பழைய டயரு எங்க போச்சுன்னு கேளு. பதிலைக் கேக்க வேண்டாம், மூஞ்சியைப் பாரு.

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னையில எத்தனை காரு தண்ணியில நின்னுதுன்னு டிவியில பாத்தமே. முங்கின வண்டியைக் கழுவி, சீட்டுக்கு உறை போட்டு, வாசனை அடிச்சுப்போட்டு மேக்கே தாட்டி விடறவன் அந்தப் பெல்ட்டோட அடி முழத்தைக் கழுவ மறந்துருவான். அங்க செம்மண் கோடு ஒண்ணு நிக்கும். அப்படியே கால் மிதியைத் தூக்கி, கம்பளத்துக்கடியில கை உட்டு மோந்தும் பாரு. கூச்சப்படாதே. 43 லட்சம் குடுக்கறவன் எதை வேணும்னாலும் மோந்து பாக்கலாம்.

ரெண்டு சாவியையும் கேளு. ஒண்ணு தொலைஞ்சு போச்சும்பான். அந்தச் சாவிக்குள்ளயே வண்டியோட கணக்கு கொஞ்சம் பதிஞ்சு கெடக்கும், அதனால தொலைஞ்சிருக்கும். சேசிஸ் நம்பரை எடுத்துட்டுப் போய்க் கம்பெனி சர்வீஸ்ல எந்தத் தேதியில எத்தனை கிலோமீட்டர்ல வந்துதுன்னு வரிசையா வாங்கு. மீட்டரைத் திருப்பறவன் உண்டு, சர்வீஸ் பில்லு அத்தனையும் திருப்பறவன் கம்மி.

அப்பறம் இந்த ரீமேப்பு. கம்பெனி குடுத்த 387 பத்தாதுன்னு என்ஜின் கம்ப்யூட்டர்ல கை வைக்கறது. 2020 நடுவுக்கப்பறம் செஞ்ச வண்டிகள்ல அதுக்குப் பூட்டே போட்டு அனுப்பினான். அந்தப் பொட்டியைக் கழட்டிப் பின்லாந்துக்கு அனுப்பிப் பூட்டைத் தொறந்து வாங்கினவங்க இருக்கறாங்க. விக்கறப்போ எல்லாத்தையும் பழைய மாதிரி எழுதி வச்சுருவாங்க. வாரண்டி மிச்சமிருக்குதேன்னு நீ கம்பெனிக்குப் போனா, உள்ளார இருக்கற குறிப்பைப் பாத்துப்போட்டுக் கையை விரிச்சுருவான். ஆட்டம் போட்டவன் ஆரோ, தெண்டம் கட்டறவன் நீ. வாங்கறதுக்கு முந்தியே கம்பெனியிலயே காசு கட்டி ஸ்கேன் பண்ணிப் பாரு. அந்தக் காசை மிச்சம் புடிக்காதே.

காயிதத்துக்கு வா. புதுச்சேரி நம்பர் வண்டி ரெண்டு லட்சம் கம்மியாக் கெடைக்குதுன்னு குதிச்சயாமா. ஏன் கம்மின்னு ரோசனை பண்ணினயா? வெளி மாநில நம்பரோட இங்க 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா நம்மூரு நம்பருக்கு மாத்தோணும், வரியும் கட்டோணும். தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 2023 நவம்பர்லருந்து 20 சதவீதம். வண்டியோட வயசுக்குக் கழிச்சாலும் நீ மிச்சம் புடிச்ச ரெண்டு லட்சத்தை முழுங்கிப்போட்டு ஏப்பம் உடும். பாரம் 29, பாரம் 30ல கையெழுத்து வாங்கு. கடன்ல வாங்கின வண்டின்னா பேங்குக்காரன்கிட்டருந்து பாரம் 35ம் தடையில்லாச் சான்றும் வாங்கு. 14 நாளைக்குள்ள இன்சூரன்ஸை உன்ற பேருக்கு மாத்து. நோ கிளைம் போனஸ்னு பாலிசியில ஒரு தள்ளுபடி கண்ணுக்குத் தெரியும். அது வித்தவனோட சொத்து, அவன் கூடவே போயிரும்.

எல்லாம் சுத்தம்னே வை, வாங்கியும் போட்டே. எங்க ஓட்டுவே? 250 கிலோமீட்டர் வேகம் போகுமாமா. போன 2025 அக்டோபர்ல அவிநாசி ரோட்டுல 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் தொறந்தாங்கல்ல, அதுல 250ல போனா ரெண்டரை நிமிசத்துல உப்பிலிபாளையம் வந்துரும். அதுக்கப்பறம் சிக்னல்ல அஞ்சு நிமிசம் நில்லு. உன்ற வீட்டுக்கு அபராதச் சீட்டு உனக்கு முந்தியே போய்ச் சேந்திருக்கும். லிட்டருக்கு எத்தனை குடுக்கும்னு டவுனுக்குள்ள கணக்குப் பாக்காதே. பாத்தாலும் பொண்டாட்டிகிட்டச் சொல்லாதே.

ஓட்டிப் பாத்தே தீரோணும்னா செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்குது. நம்ம கோயமுத்தூர் ரேஸ்காரரு கரிவரதன் பேரு வச்சது. 2.1 கிலோமீட்டரு, சுத்திச் சுத்தி வளைவு. ஹெல்மெட்டை மாட்டிட்டுப் போய் ஆசை தீர ஓட்டு. குறுக்க ஆடு வராது, அப்பாரு டிவிஎஸ்ஸுல வர மாட்டாரு. போறதுக்கு முந்தி பாலிசியை எடுத்துப் படிச்சுக்க. பந்தயம், வேகப் பரிட்சையில ஆன சேதத்துக்கு இன்சூரன்ஸ் தராதுன்னு அதுல எழுதியிருக்கும்.

தோட்டத்துக்கு வரோணும்னா மெயின் ரோட்டுல நிறுத்திப்போட்டு இட்டேரியில நடந்து வா. நம்ம பஞ்சாயத்து போட்ட வேகத்தடையில உன்ற வண்டி வயிறு தட்டாம ஏறாது. மீறிக் கொண்டாந்து சாளையில ஒரு வாரம் நிறுத்தினயோ, எலி வந்துரும். எலிக்கு டிராக்டர் வயரும் ஒண்ணுதான், ஜெர்மன் வயரும் ஒண்ணுதான். உனக்குத்தான் பில்லு வேற வேற.

இத்தனை சொல்லியும் உன்ற கண்ணுல அந்த நீலக் கலர் வண்டிதான் ஓடிட்டிருக்குதுன்னு தெரியுது. போச்சாது. ஆசைப்பட்ட வயசுல ஓட்டாம என்ற வயசுல ஓட்டினா இடுப்புப் புடிச்சுக்கும். நான் குறுக்க நிக்கலை. ஒரே ஒரு வேலை பண்ணு. வண்டி வெலையில பத்துல ஒரு பங்கு, 4 லட்சத்து 30 ஆயிரம், பேங்குல தனியாப் போட்டு வை. மொத வருசத்து டயருக்கும் பிரேக்குக்கும் ஆயிலுக்கும் இன்சூரன்ஸுக்கும் அதுலருந்துதான் எடுக்கோணும். வருசக் கடைசியில மறுபடியும் ரொப்பி வைக்கோணும். அந்தப் பணத்தைப் போட்டுப்போட்டும் வண்டி வாங்கக் கையில காசு இருந்துதுன்னா, பத்திரத்துல சாட்சிக் கையெழுத்து நானே போடறேன். வண்டி வாங்கினதோட கை காலியாகுதுன்னா, அந்த வண்டி உனக்கு 43 லட்சத்துக்கும் வெல அதிகம், 23 லட்சத்துக்கும் வெல அதிகம். உட்டுப்போடு.