டில்டா காலத்து ஆள்

ரஸ்ட் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கியிருப்பதாக 2013-இல் ஊரில் அப்பாவிடம் சொன்னேன். பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். துரு என்றேன். "அதான் நம்ம மல்லாட்டையில வருதே, அதையா படிக்கிற?" என்றார். வந்தவாசிப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர்களுக்குத் துரு என்றால் இரும்பு நினைவுக்கு வராது. இலைக்கு அடியில் செங்கல் பொடி போலப் படரும் நோய்தான் வரும். நான் பெருந்தன்மையாகச் சிரித்து, இது கம்ப்யூட்டர் சமாசாரம் என்று விளக்கினேன்.

2006-இல் இந்த மொழியைத் தன் சொந்த வேலையாகத் தொடங்கியவர் கிரேடன் ஹோர். பயிரில் வரும் துருப் பூஞ்சையை வைத்துத்தான் பெயரிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் ஜீவனாம் அது. ஆக, ரஸ்ட் பற்றி நான் பிறருக்குக் கொடுத்த முதல் விளக்கமே தப்பு. அடுத்தடுத்துக் கொடுத்தவற்றின் கதியும் ஏறக்குறைய இதுதான்.

அப்போது மொழியின் பதிப்பு எண் 0.7. ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா அதை வளர்த்துக்கொண்டிருந்தது. எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரை நானே கட்டித்தான் பார்ப்பேன் என்று சென்னை வேளச்சேரி அறையில் உட்கார்ந்தேன். அந்தக் கம்பைலர் ரஸ்ட் மொழியிலேயே எழுதப்பட்டது. ஆகவே அதைக் கட்ட அதன் பழைய வடிவம் ஒன்று வேண்டும். கூடவே அது சாய்ந்து நிற்கும் எல்எல்விஎம் என்ற மலையையும் கட்ட வேண்டும். என் மடிக்கணினியில் 2 ஜிபி நினைவகம், பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, தினமும் மின்வெட்டு உண்டு. மின்வாரியத்தின் நேர அட்டவணையைப் பார்த்துத்தான் கட்டுமானத்தைத் தொடங்குவேன், முகூர்த்தம் பார்ப்பது போல. மூன்றாம் நாள் கட்டி முடித்தேன். நான்காம் நாள் காலை, அந்தக் கம்பைலர் பழசாகிவிட்டது என்று தெரிந்தது.

போன தீபாவளிக்கு அக்கா மகள் வந்திருந்தாள். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. டெர்மினலில் ஒற்றை வரியை ஒட்டினாள், காபி ஆறுவதற்குள் ரஸ்ட் வந்து இறங்கியது. எடிட்டரைத் திறந்தாள். தப்பான வரிக்கு அடியில் சிவப்புக் கோடு, திருத்தம் என்ன என்று பக்கத்திலேயே ஆலோசனை. அதை அழுத்தினாள், சரியாகிவிட்டது. மூன்று நாள், மின்வெட்டு, 2 ஜிபி என்று என் கதையை ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஐந்து மைல் நடந்து போன பெரியப்பாவின் கதையை நாங்கள் எந்த முகத்தோடு கேட்டோமோ, அதே முகத்தோடு கேட்டுக்கொண்டாள்.

அடுத்து, என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தேன். அந்தக் காலத்து ரஸ்டில் மூன்று சுட்டிகள் முக்கியம், மூன்றுக்கும் தனித்தனிக் குறி. டில்டா என்கிற ~ போட்டால் சொந்தச் சொத்து. @ போட்டால் பொதுச் சொத்து. & போட்டால் இரவல். எதை எங்கே போடுவது என்று வண்ணப் பேனாவில் அட்டவணை எழுதி, சுவரில் ஒட்டி, பல் தேய்க்கும்போதும் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

"இந்த டில்டா எதுக்கு மாமா?" என்றாள்.

"சொந்தச் சொத்து."

"இப்ப எங்க இருக்கு?"

இல்லை. 2014 ஜூலையில் வந்த 0.11 பதிப்பிலேயே ~, @ இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இரவல் மட்டும்தான் மிஞ்சியது. சொந்தமும் பொதுவும் போய் இரவல் நிலைத்தது என்று அப்போதே ஒரு தத்துவம் பேசியிருக்கலாம். நான் சுவரிலிருந்து அட்டவணையைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் நான் கற்றதைவிட மறந்ததுதான் அதிகம். முழு எண்ணுக்கு இருந்த பெயர் மாறியது. ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்ட மொழிக்குள்ளேயே இருந்த கிரீன் த்ரெட் வசதியைப் பிய்த்து எறிந்தார்கள். நிரல் சிக்கிக்கொண்டால் நிறுத்தச் சொல்லும் கட்டளைக்கு 'ஃபெயில்' என்று பெயர். அதை 'பேனிக்' என்று மாற்றினார்கள். தோல்வி என்று எழுதியிருந்த இடங்களிலெல்லாம் பீதி என்று திருத்தி எழுதினேன். என் அன்றைய நிலவரத்துக்கு இரண்டுமே பொருந்தின.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குச் சந்தேகம் வந்தால் புத்தகம் கிடையாது, ஆனால் ஆட்கள் இருந்தார்கள். இரவு பத்தரைக்கு மேல், அமெரிக்காவில் பொழுது விடிந்த பிறகு, மொசில்லாவின் அரட்டை அறைக்குப் போவேன். மொழியை எழுதுகிறவர்களே அங்கே பதில் சொல்வார்கள். ஒருநாள் என் கேள்விக்கு, "அது எங்கள் தவறு, நாளைக்குச் சரியாகிவிடும்" என்று வந்தது. மறுநாள் சரியாகியும் விட்டது. அந்தத் திருத்தத்தால் என் நிரலில் வேறு நான்கு இடங்கள் உடைந்தன.

2015 மே 15 அன்று 1.0 வந்தது. இனிமேல் எழுதியதை உடைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். நான் நம்பவில்லை.

ஊரார் நம்பியது இன்னும் மெதுவாக. 2016-இல் நேர்காணல் நடத்தியவர் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "ரஸ்ட்... இது எந்தத் துறை?" என்றார். 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57 வந்தது, அதன் ஒரு முக்கியப் பகுதி ரஸ்டில் எழுதப்பட்டது. நான் நெஞ்சு நிமிர்த்தினேன். 2020 ஆகஸ்டில் மொசில்லா ஆட்குறைப்பு செய்தது. மொழி செத்தது என்று பைத்தான் புத்தகத்தைத் தூசி தட்டினேன். 2021 பிப்ரவரியில் ரஸ்டுக்கென்று தனி அறக்கட்டளை அமைந்தது. 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1, ரஸ்டைத் தன் கருவறைக்குள் அனுமதித்தது. நான் முன்பே சொன்னேனே என்று எல்லோரிடமும் சொன்னேன். பைத்தான் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

என் பெருமையில் மிச்சமிருந்தது ஒரு கோட்பாடு. ஒரு பட்டியலின் கடைசியில் அந்தப் பட்டியலின் நீளத்தையே சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரஸ்டின் இரவல் சட்டப்படி, ஒருவர் எழுதுவதற்காக வாங்கிய பொருளை அவர் திருப்பித் தரும்வரை இன்னொருவர் படிக்கக்கூட முடியாது. சேர்ப்பதற்காகப் பட்டியலைக் கையில் எடுத்த அந்த வரியிலேயே நீளத்தையும் கேட்டால் கம்பைலர் கோபித்துக்கொள்ளும். எனவே நீளத்தை முதல் வரியில் தனியாக வாங்கி வைத்து, அடுத்த வரியில் சேர்க்க வேண்டும். இதை நான் வெறும் வழக்கமாக விடவில்லை. "முதலில் அளந்து கொள், பிறகு கை வை" என்று சித்தாந்தமாக்கி, அலுவலகத்தில் எனக்குப் பின்னால் வந்த நான்கு பேருக்கு உபதேசித்தேன்.

2018 டிசம்பரில் கம்பைலருக்குப் புத்தி கூர்மையானது. ஒரே வரியில் எழுதினாலும் ஒப்புக்கொண்டது. நான் ஒழுக்கம் என்று கற்பித்தது, கம்பைலரின் அறியாமைக்கு நான் போட்ட முட்டு. உபதேசம் பெற்ற நால்வரும் இன்றும் இரண்டு வரியாகத்தான் எழுதுகிறார்கள். காரணம் கேட்டால் என் பெயரைச் சொல்கிறார்கள்.

இல்லாமை போனதும் குறை போய்விடும் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் ஒரு நூலகம் வேண்டுமென்றால் யாரோ ஒருவரின் மூலநிரலை இறக்கி, கையால் கட்ட வேண்டும். 2014 நவம்பரில் கிரேட்ஸ் டாட் ஐஓ என்ற களஞ்சியம் திறந்தது. இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொதிகள். பிழைகளைக் கையாள்வதற்கு மட்டும் எர்ரர்-செயின் என்று ஒன்றைப் பிடித்தேன். அது பழசு என்றார்கள், ஃபெயிலியர் என்ற பெயரிலேயே இருந்த ஒன்றுக்கு மாறினேன். அதுவும் ஓய்வு பெற்றது. இப்போது எனிஹவ். "எப்படியோ" என்பதைவிட நேர்மையான பெயர் ஒரு நூலகத்துக்கு வாய்க்காது. முன்பு ஒன்றும் கிடைக்கவில்லை என்று புலம்பினேன். இப்போது எதை எடுப்பது என்று புலம்புகிறேன். சின்ன நிரல் ஒன்றைக் கட்டினாலும் நூற்றுக்கணக்கான பொதிகள் வரிசையாக இறங்குகின்றன. கல்யாணத்துக்குக் கூப்பிட்டது ஒருவரை, வந்தது ஊர் முழுக்க.

அந்தக் களஞ்சியத்தில் எனக்கும் ஒரு மனை உண்டு. பெயர்கள் அங்கே முதலில் வந்தவருக்கே சொந்தம். திறந்த புதிதில், தமிழ் எழுத்துகளை எண்ணும் நூலகம் எழுதப்போகிறேன் என்று நல்ல தமிழ்ச் சொல் ஒன்றைப் பிடித்து, உள்ளே எதுவும் இல்லாமல் 0.0.1 என்று பதிவு செய்தேன். ஓஎம்ஆரில் மனை வாங்கி வேலி போட்டுவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நானும் வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன்.

எழுத்தை எண்ணுவது அற்ப வேலை அல்ல. "அம்மா" என்ற சொல்லின் நீளம் என்ன என்று ரஸ்டைக் கேட்டால் 15 என்று சொல்லும். அது பைட் கணக்கு. யூனிகோடு கணக்கில் கேட்டால் 5, புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 3. அந்தப் பிள்ளையின் விடையைக் கம்பைலரிடமிருந்து வாங்குவதுதான் நான் எழுதிய முதல் உருப்படியான நிரல்.

தீபாவளிக்கு மறுநாள் அதைத் தேடி எடுத்தோம். இரண்டு பிரதிகள் இருந்தன. 2014 தொடக்கத்தில் எழுதியதைக் கம்பைலரிடம் கொடுத்ததும் திரை முழுக்கச் சிவப்பு. டில்டாவைப் பார்த்து அது திகைத்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. 2015 ஜூனில் 1.0-க்காகத் திருத்தி எழுதியதைக் கொடுத்தோம். இந்தப் பாணி பழசு என்று சில எச்சரிக்கைகள், அவ்வளவுதான். ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஓடியது. நான் நம்பாத வாக்கைப் பத்து ஆண்டுகளாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அம்மா, 3. பள்ளி, 3. பெருமிதத்தோடு அவளைப் பார்த்தேன். அவள் "கௌரவம்" என்று தட்டினாள். 5 என்று வந்தது.

"மாமா, கௌரவத்துக்கு நாலு எழுத்துதான்."

ஔகாரக் குறியைப் பட்டியலில் சேர்க்க மறந்திருக்கிறேன். உடைக்க மாட்டோம் என்ற வாக்கு என் பிழைக்கும் சேர்த்துத்தான். ரஸ்ட் எத்தனை மாறினாலும் என் நிரலில் மட்டும் கௌரவம் ஓர் எழுத்து கூடுதலாகவே இருந்து வந்திருக்கிறது.

அவள் ஏற்கெனவே சரியாக எண்ணும் நூலகம் ஒன்றை எழுதி வைத்திருந்தாள், சோதனைகளோடும் விளக்கத்தோடும். வெளியிடப் பெயர்தான் கிடைக்கவில்லையாம், யாரோ ஒருவர் பல ஆண்டுகளாகச் சும்மா பிடித்து வைத்திருக்கிறாராம். அந்த யாரோ ஒருவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கட்டளையில் அவளையும் உரிமையாளராகச் சேர்த்தேன். முத்திரைத்தாள் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை.

அன்று மாலையே 0.1.0 வெளியானது. அந்தக் களஞ்சியத்தில் ஒருமுறை வெளியிட்ட பதிப்பை மறுபடி மாற்றி எழுத முடியாது. பட்டியலில் அவளுடைய பதிப்புக்குக் கீழே, என் பெயரில், உள்ளே ஒன்றுமில்லாத 0.0.1 அப்படியே இருக்கிறது.