கறுப்புத் திரைக்கு ஒரு வக்காலத்து

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது மாணவர்களுக்கு மலிவாக வாய்த்தது ஷெல் கணக்கு. படம் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. டெல்நெட்டில் தொலைவிலிருந்தே கல்லூரிக் கணினிக்குள் நுழைந்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய பைன் நிரலில் மின்னஞ்சல் படிக்கும் வழக்கமும் அக்காலத்ததே. சில கிலோபைட்டில் வேலை முடியும். இன்று மலையடிவார அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்பில் சிக்னல் ஒற்றைக் கோடாய்த் தேய்ந்தால், ‘நாளை விடுமுறை’ என்ற இரண்டே சொல்லுக்காகக் கல்லூரி இணையதளத்தில் முத்திரை, முதல்வரின் புன்னகை, தரச்சான்றுப் பட்டயம் எல்லாம் ஊர்வலமாக இறங்கிய பிறகே சேதி வரும். அதற்குள் விடுமுறையே முடிந்துவிடலாம். டெல்நெட் கடவுச்சொல்லை மூடாமல் சுமந்து போகுமே என்பீர்கள். மெய்தான். அதற்காகத்தான் பின்லாந்தின் டாட்டு யுலோனன் அதே 1995-இல் எல்லாவற்றையும் மூடி அனுப்பும் எஸ்.எஸ்.எச். நிரலை எழுதினார். அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் வராதே என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் கல்லூரிச் சுற்றறிக்கை மட்டும் எப்போது தமிழில் வந்தது?