பதினோராம் வகுப்பைக் காணவில்லை

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணின் தகப்பன்,
லாரி புக்கிங் ஆபீஸ்,
நாமக்கல்.

பெறுநர்:
உயர்திரு தாளாளர் அவர்கள்,
உறைவிட மேல்நிலைப் பள்ளி (பெயர் எதுவானாலும் சரி),
சேலம் – நாமக்கல் சமவெளி.

பொருள்: பதினோராம் வகுப்பு காணாமல் போனது – கண்டுபிடித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

முதலில் என் வாழ்த்து. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. பதினோராம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு இல்லை என்று அரசு அறிவித்தது. பிள்ளைகளின் மனச்சுமை குறையும் என்றார்கள். பிள்ளைகளுக்குக் குறைந்ததா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குக் குறைந்துவிட்டது என்பதை உங்கள் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த கால் மணி நேரத்திலேயே தெரிந்துகொண்டேன்.

ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ ஏற்பாடு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது 1978-ல். அதுவரை பி.யூ.சி. என்று கல்லூரியில் படித்ததை இரண்டு வருஷமாக்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வருஷம் இரண்டு, புத்தகமும் இரண்டு செட். பொதுத்தேர்வு மட்டும் ஒன்று. பரீட்சை இல்லாத வருஷத்துக்குப் பாடம் எதற்கு என்று முதலில் கேட்ட மேதை யாரென்று தெரியவில்லை. அவருக்கு நம் ஊரில் ஒரு சிலை வைக்க வேண்டும்.

2007-ல் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத்தேர்வும் போய்விட்டது. கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50, ஆக 200-க்கு எவ்வளவு என்ற கட்-ஆஃப் ஒன்றே இன்ஜினியரிங் சீட்டைத் தீர்மானிக்கும் என்று ஆனது. உங்கள் பொற்காலம் அது. பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதத்திலேயே பிளஸ் டூ போர்ஷனை ஆரம்பித்தீர்கள். ஒரே புத்தகத்தை இரண்டு வருஷம் உருப்போட்டால் சென்டம் வராமல் எங்கே போகும்? நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் இங்கே வந்து இறங்கினார்கள். ரிசல்ட் அன்று பத்திரிகையின் முதல் பக்கத்தில் மாவட்டத்தின் பெயர். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. திரிகோணமிதியும் வெக்டாரும் பதினோராம் வகுப்புப் புத்தகத்தில்தான் இருக்கின்றன என்று நாங்கள் அறிந்தது, பையன் இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான்.

அரசுக்கும் ஒருநாள் கோபம் வந்தது. 2017-ல், பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு உண்டு, மொத்த மார்க் 1200 இனி 600 ஆகும், ரேங்க் பட்டியல் கிடையாது என்று மூன்று அடி அடித்தது. 2018 மார்ச்சில் முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் நடந்தது. நீங்கள் பதறவே இல்லை. அரசாங்கத்தை எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதே வருஷம் செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் ஒன் மார்க் கணக்கில் வராது என்று அரசே சொல்லிவிட்டது. 2019-ல், விரும்பினால் ஆறு பாடத்துக்குப் பதில் ஐந்து பாடம் படிக்கலாம், 500 மார்க் என்று ஒரு அறிவிப்பு. பிறகு அதையும் திரும்பப் பெற்றார்கள். கடைசியில் பரீட்சையே போய்விட்டது. ரிவர்ஸ் கியரில் இவ்வளவு தூரம் போகும் வண்டியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

இனி என் சொந்த விஷயம்.

என் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். பிளஸ் ஒன்னில் காமர்ஸ், அக்கவுண்டன்சி எடுக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். எங்கள் ஆபீஸின் டிரிப் ஷீட்டையும் டீசல் கணக்கையும் எட்டாம் வகுப்பிலிருந்தே அவள்தான் பார்த்துவந்தாள். போன வருஷம் ஜி.எஸ்.டி. பில்லில் ஒரு தப்பை ஆடிட்டர் பார்க்கும் முன்பே பிடித்துவிட்டாள். இதையெல்லாம் உங்கள் அட்மிஷன் கவுன்டரில் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அம்மிணி என்ன மார்க்குங்க?" என்று கேட்டார் கவுன்டரில் இருந்தவர். சொன்னேன். "அப்பப் பயோ மேத்ஸ்தானுங்க" என்று ரசீது புத்தகத்தைப் பிரித்தார்.

"அவளுக்குக் காமர்ஸ்தான் இஷ்டமுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். "மார்க்கு வீணாப் போயிருமுங்க. இந்த மார்க்குக்கு ஸ்டார் பேட்ச், பீஸ்ல சலுகை. காமர்ஸ் குரூப்பு எங்ககிட்டக் கிடையாது. அதெல்லாம் மார்க்கு வராத பசங்களுக்குங்க."

பக்கத்தில் நின்ற மகளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. லோடு எங்கே போக வேண்டும் என்று லோடையே கேட்கிறவர்கள் என் தொழிலிலும் இல்லை.

ஆனாலும் ஐயா, ஒன்று யோசித்துப் பாருங்கள். இந்தச் சமவெளி எதில் பிழைக்கிறது? நாமக்கல்லில் முட்டை, லாரி, டேங்கர், பாடி கட்டும் பட்டறை. திருச்செங்கோட்டில் இந்தியா பூராவும் போர்வெல் போடும் ரிக் வண்டிகள். சேலத்தில் ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி. முட்டை விலை தினமும் ஏறி இறங்குகிறது. அதற்கும் தீவன விலைக்கும் நடுவே லாபம் பார்க்கக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டும். வரவு செலவு எழுதத் தெரிந்தவன் இல்லாமல் இங்கே ஒரு ஷட்டர்கூடத் திறக்காது. உங்கள் பள்ளியின் கணக்கையே ஒரு காமர்ஸ் குரூப் மாணவர்தான் எழுதிக்கொண்டிருப்பார். ஊரே வணிகத்தில் ஓட, ஊரின் பெரிய பள்ளிகளில் வணிகவியலுக்கு ஒரு பெஞ்சு கிடையாது. மோகனூரில் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை படம் வரைந்தார், பாட்டு எழுதினார், நாமக்கல் கவிஞர் என்று ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். அவருக்கு எந்த பேட்ச் தந்திருப்பீர்கள்?

நம் ஊர் நாமகிரித் தாயாரை நீங்கள் கும்பிடாமல் இருக்க மாட்டீர்கள். தேர்வுக்கு முன் ஹால் டிக்கெட்டுகளை அந்தச் சந்நிதிக்கும் எதிரே நிற்கும் ஆஞ்சநேயருக்கும் காட்டாத பெற்றோர் இங்கே குறைவு. கணித மேதை ராமானுஜனின் குடும்பம் அந்தத் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்டாடியது. தாயார் கனவில் வந்து சூத்திரம் சொல்வதாக அவரே நம்பினார். அந்த ராமானுஜன் எஃப்.ஏ. என்கிற அன்றைய இரண்டு வருஷப் படிப்பில் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் தேறவில்லை. கணக்கில் மன்னன், மற்றப் பாடங்களில் கோட்டை விட்டவர். அதிலும் உடலியல் அவருக்கு எட்டிக்காய். இன்றைய மொழியில் சொன்னால் பயோ மேத்ஸில் தள்ளப்பட்டுப் பயாலஜியில் விழுந்த பையன். அவர் உங்களிடம் வந்திருந்தால் மாதத் தேர்விலேயே டி.சி. கொடுத்து, ரிசல்ட் சதவீதத்தைக் காப்பாற்றியிருப்பீர்கள். தாயார் கனவில் வந்திருந்தாலும், ஸ்டடி ஹவரில் தூங்கியதற்கு வார்டன் எழுப்பி நிறுத்தியிருப்பார்.

தூக்கம் என்றதும் உங்கள் கால அட்டவணை ஞாபகத்துக்கு வருகிறது. பிராஸ்பெக்டஸின் பின்பக்கத்தில் வழவழ தாளில் அச்சடித்திருந்தீர்கள். காலை 4.30-க்கு எழுப்புதல். 5 மணிக்கு ஸ்டடி. பிறகு ஸ்லிப் டெஸ்ட், வகுப்பு, ஸ்பெஷல் கிளாஸ், மறுபடி ஸ்டடி. இரவு 10.30 வரை அதே. ஞாயிற்றுக்கிழமை முழுப் போர்ஷன் டெஸ்ட். விளையாட்டு என்ற இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அடியில் பொடி எழுத்தில் "தேர்வுக் காலம் நீங்கலாக". தேர்வு இல்லாத காலம் எது என்று மட்டும் அச்சடிக்கவில்லை.

லாரித் தொழிலில் இருப்பவன் என்பதால் ஒரு சட்டம் எனக்குத் தெரியும். 1961-ல் போட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். டிரைவரை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல், வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு, வாரம் ஒருநாள் விடுமுறை. 18 வயது நிரம்பாத பையன் என்றால் இன்னும் கறார். ஓய்வையும் சேர்த்து 6 மணி நேரம்தான். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அவனைத் தொடவே கூடாது என்றிருந்தது. உங்கள் அட்டவணையை எடுத்துக்கொண்டு போய்ப் பதினாறு வயதுப் பையனை என் வண்டியில் கிளீனராக வைத்திருந்தால் நான் கோர்ட்டில் நின்றிருப்பேன். அதே பையனை அதே நேரத்துக்கு ஹாஸ்டலில் உட்கார வைத்தால் உங்களுக்குச் சிறந்த கல்விச் சேவைக்கான விருது கிடைக்கிறது. சட்டம் வேறு, சேவை வேறு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனை மணி நேரமும் பாடமா என்றால், அதுவும் இல்லை. பாதி நேரம் எழுதியதையே எழுதுவது. புதிதாக ஒன்றைப் புரிந்துகொள்ளும் மூளை இரவு பத்து மணிக்கு மேல் கடையைச் சாத்திவிடும். அது பயாலஜி புத்தகத்திலேயே இருக்கிறது என்று மகள் சொன்னாள். எந்த வருஷப் புத்தகம் என்று நான் கேட்கவில்லை.

இதில் நான் உங்களை மனதார வியந்த இடம் ஒன்று உண்டு. 2017 முதல் தமிழ்நாட்டிலும் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் வந்தது. பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் அது கேள்வி கேட்கிறது. பதினோராம் வகுப்பைத் தொடாமல் வளர்ந்த பள்ளிகளுக்கு இது பேரிடி என்று ஊரே நினைத்தது. நீங்களோ கைவிட்ட புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, 'நீட் பவுண்டேஷன்' என்று அட்டை மாற்றி, தனிக் கட்டணம் போட்டுவிட்டீர்கள். ஏற்கெனவே வாங்கிய கட்டணத்துக்கு நடத்த வேண்டிய வருஷத்தை ஒளித்து வைத்து, அதையே பிறகு விலைக்கு விற்கும் வித்தையைத் தறி முதலாளியும் அறியார், முட்டை வியாபாரியும் அறியார். 2019 அக்டோபரில் நாமக்கல்லில் ஒரு கல்விக் குழுமத்தில் வருமான வரித்துறை சோதனை போட்டு 30 கோடி ரூபாய் ரொக்கம் எடுத்ததாகச் செய்தி வந்தபோது ஊர் வாயைப் பிளந்தது. அவ்வளவு பணத்துக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று பார்த்தபிறகும் காமர்ஸ் மார்க்கு வராத பசங்களுக்கு என்கிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

"நாங்களா கூப்பிடுகிறோம்? பெற்றோர்தான் வரிசையில் நிற்கிறார்கள்" என்பீர்கள். உண்மைதான். பக்கத்து வீட்டுப் பையன் பயோ மேத்ஸ் என்றால் நம் வீட்டுப் பிள்ளையும் பயோ மேத்ஸ் என்று முடிவு செய்பவர்கள் இங்கே தகப்பன்மார்தான். மாதம் ஒரு ஞாயிறு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து, பிள்ளை இளைத்திருப்பதைப் பார்த்து "நல்லாப் படிக்குதுங்களா?" என்று வார்டனிடம் கேட்டுவிட்டுப் போகிறவர்களும் நாங்கள்தான். வாங்க ஆள் இருப்பதால் விற்கிறீர்கள். ஆனால் வாங்கியவன் வேறு, சுமக்கிறவள் வேறு. சுமக்கிறவளின் கையெழுத்து உங்கள் விண்ணப்பத்தில் கடைசிப் பக்கத்தில், விதிமுறைகளுக்குக் கீழே மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே ஐயா, கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் கோருகிறேன்.

1. அட்மிஷன் கவுன்டரில் நாற்காலி இரண்டு போடவும். ஒன்று தகப்பனுக்கு, ஒன்று பிள்ளைக்கு. குரூப் எது என்ற கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கவும்.

2. பதினோராம் வகுப்புப் புத்தகத்தைப் பதினோராம் வகுப்பில், ஏற்கெனவே வாங்கிய கட்டணத்துக்கே நடத்தவும்.

3. சேர்ந்து ஒரு மாதத்துக்குள் குரூப் மாற விரும்பும் பிள்ளைக்கு அபராதம் இல்லாமல் மாற்றித் தரவும். பதினைந்து வயதில் எடுத்த முடிவைப் பதினைந்தே வயதில் திருத்திக்கொள்ள உரிமை உண்டு.

4. காமர்ஸ், வரலாறு, தொழிற்கல்வி குரூப்புகளுக்கும் இடமும் நல்ல ஆசிரியரும் தரவும். முடியாவிட்டால் "மார்க்கு வராத பசங்களுக்கு" என்று சொல்வதையாவது நிறுத்தவும்.

5. இரவு 10 மணிக்கு விளக்கை அணைக்கவும். ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாகவே விடவும்.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டமோ அரசாணையோ வேண்டியதில்லை. பரீட்சை வைத்தால்தான் பாடம் நடத்துவோம் என்பவர்களுக்கு எந்த அரசாணையும் போதாது. பரீட்சை இல்லாத வருஷத்திலும் பாடம் நடக்கும் இடத்துக்குத்தான் பள்ளிக்கூடம் என்று பெயர்.

மகளை ஊரில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் காமர்ஸ் குரூப்பில் சேர்த்துவிட்டேன். சைக்கிளில் போய் வருகிறாள். ஒன்பதரை மணிக்குத் தூங்கிவிடுகிறாள். ஸ்டார் பேட்ச் சலுகையை வேறு யாருக்கேனும் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டிரிப் ஷீட்டை இப்போது தானே எழுதிக்கொண்டிருக்கும் ஒரு தகப்பன்.

நகல்:
1. பள்ளிக் கல்வித்துறை – தகவலுக்காக.
2. பெற்றோர் அனைவரும் – உடனடி நடவடிக்கைக்காக.