நகலா, மூலமா?

கேள்வி: செயலி உருவாக்கத்தைக் கற்கத் தொடங்கும் மாணவர் எந்தக் கைபேசியை வாங்கலாம்? (வாசகர், திருவெண்ணெய்நல்லூர்)

பதில்: ஆண்ட்ராய்டு செயலிகள் கணினியில் ‘ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ’ என்னும் மென்பொருளில் எழுதப்படுவதால், கையிலுள்ள பணத்தின் பெரும்பங்கு கணினியின் ரேமுக்கே, இயன்றால் 16 ஜிபிக்கே, உரியது. கணினித் திரையில் கைபேசியாக நடிக்கும் ‘எமுலேட்டர்’ என்னும் நிரல் அந்த மென்பொருளிலேயே இருப்பினும், செயலியால் கைபேசி சூடேறுவதையும் பேட்டரி கரைவதையும் அந்த நடிகர் உள்ளபடி காட்டுவதில்லை. சுந்தரர் படியோலையைக் கிழித்த பின்னும் அவரைத் தம் அடிமை என்று வழக்காடிய முதியவர் மூல ஓலையைக் காட்டி வென்றதாகப் பெரியபுராணம் கூறும் வழக்கு நடந்த உங்கள் ஊரில், நகலைவிட மூலமே செல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த மூலம் வீட்டிலுள்ள பழைய ஆண்ட்ராய்டு கைபேசியாகவே இருக்கலாம். அதன் செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ என்னும் வரியை 7 முறை தட்டினால் திறக்கும் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில், கேபிள் வழியே செயலியை ஏற்றிப் பிழை தேட உதவும் ‘யூஎஸ்பி டீபக்கிங்’ வசதி கிடைக்கும். ஐபோன் செயலிக்கு வேண்டிய ‘எக்ஸ்கோடு’ மேக் கணினியில் மட்டுமே இயங்குவதோடு, ஆப் ஸ்டோரில் வெளியிட ஆண்டுக்கு 99 டாலர் கட்டணமும் உண்டு; பிளே ஸ்டோரிலோ ஒரே முறை 25 டாலர் போதும். ஆயினும், 2023 நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் தொடங்கப்பட்ட தனிநபர் கணக்குகளில், வெளியீட்டுக்கு முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும் என்பதால், கடையில் கைபேசி பார்ப்பதற்கு முன், இரண்டு வாரம் செயலியை அழிக்காத 12 நண்பர்களைத் தேடி வைப்பது மாணவருக்கு நலம்.